நாலாவது ஹார்ன்

ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லாரும் சபையைப் பார்த்து வாசிக்க, சுவரைப் பார்த்து ஊதுகிற வாத்தியம் எங்களுடைய பிரெஞ்சு ஹார்ன்தான். சுருட்டி வைத்த பித்தளைக் குழாய் அது. மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை அதன் அகன்ற வாய்க்குள் நுழைத்து, மறுமுனையில் உதட்டை அழுத்தி ஊத வேண்டும். அகன்ற வாய் பின்னால் பார்த்திருப்பதால் சத்தம் முதலில் சுவருக்குப் போகும். சுவர் மனது வைத்தால் உங்களிடம் வரும்.

கோலாலம்பூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் நாலாவது ஹார்ன். நான்கு பேரில் கடைசி நாற்காலி, கீழ்ச் சுரங்கள். பகலில் ஒரு பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் இருந்தேன். இதை ஹார்ன் வாசிப்பவர்களுக்காக எழுதவில்லை. இந்த நாட்டில் அவர்களையெல்லாம் ஒரு பஸ்ஸில் ஏற்றினாலும் சீட்டு மிஞ்சும். துறைமுகத்தில் கிரேன் உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, பெரிய ஆபீஸில் அந்த ஒரு வேலைக்கென்று ஒரே ஆளாக இருப்பவருக்கு, "என்ன வேலை செய்றீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டு, பதில் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிற அத்தனை பேருக்கும் எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும்.

மிச்சம் இருந்தது

கிள்ளானில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பழைய பேண்ட் வாத்தியங்கள் வந்து இறங்கிய வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. உடம்பு தேறி நான் பள்ளிக்குப் போனபோது டிரம்பெட், கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாவற்றுக்கும் ஆள் வந்தாகிவிட்டது. நத்தை மாதிரி சுருண்ட ஒரு பெட்டி மட்டும் மூலையில் இருந்தது. பேண்ட் மாஸ்டர், ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரர், அதைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்ததன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "கவலைப்படாதே, இதை உன்கிட்டேர்ந்து பிடுங்க யாரும் வரமாட்டாங்க" என்றார். இன்றுவரை யாரும் வரவில்லை.

அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து பனியனோடு கூடத்தில் உட்கார்ந்தவரிடம் பெட்டியைக் காட்டினேன். இதுக்குப் பேர் என்ன என்று கேட்டார். ஹார்ன் என்றேன். ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன். வந்தது இசை அல்ல, ஏதோ ஒரு மாட்டின் வேதனை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நாள் முழுக்க ஹார்ன் அடிச்சிட்டுத்தான்மா வீட்டுக்கு வரேன். இங்கேயுமா?"

பெண் பார்க்க வந்தவர்கள்

வெளிநாட்டில் படிப்பை முடித்துத் திரும்பிய வருஷம், சுங்கை பூலோவிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. பையன் இன்ஜினியர். பொண்ணு மியூசிக் லெக்சரர் என்று தரகர் சொல்லியிருந்ததால், பையனின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பாட்டுப் பாடும்மா" என்றார். எனக்குப் பாட வராது, வாசிக்கத்தான் தெரியும் என்றேன். வீணைதானே, வாசி என்றார்கள். என் அம்மா 'வேண்டாம்' என்று கண்ணால் சொன்னதை நான் பார்த்தும், போய் ஹார்னை எடுத்து வந்தேன்.

நல்ல மெதுவான பகுதியாகப் பார்த்துத்தான் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் கூடம் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு டெரஸ் வீட்டின் சின்னக் கூடம். ஷோகேஸில் இருந்த கண்ணாடி கிளாஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசி அதிர்ந்தன. பையனின் சித்தி காதில் கை வைத்ததைத் தலை கோதுவது போல் மாற்றிக்கொண்டார். முடிந்ததும், ஊதி ஊதி உதடு தடித்துப் போய்விடாதா என்று கேட்டார். அதற்கப்புறம் பேச்சு செலாயாங் பாசாரில் மீன் விலைக்குப் போய்விட்டது.

பையன் மட்டும் கடைசிவரை என்னையும் அந்த வாத்தியத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே, மற்றவர்கள் காரில் ஏறும்வரை காத்திருந்தார். நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி அவர் சொன்னது: "நிஜமாவே நல்லா இருந்துச்சுங்க. ஆனா எங்க வீடு ரொம்ப சின்ன வீடு."

அம்மா வந்த கச்சேரி

அப்பா போன பிறகு, எத்தனையோ தடவை கூப்பிட்டு, அம்மா ஒரே ஒரு கச்சேரிக்கு வந்தாள். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, ஹால் குளிருமென்று அதன்மேல் என் அண்ணனின் பழைய ஸ்வெட்டர். முன்வரிசையிலேயே டிக்கெட் எடுத்திருந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய சிம்பொனியில் வயலின்காரர்கள் முதலிலிருந்து கடைசிவரை கை ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பார்கள். நாலாவது ஹார்னுக்கு வேலை எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் தாளத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் தப்பான இடத்தில் ஊதி மொத்தத்தையும் கெடுத்துவிடுவோம். அன்றைய சிம்பொனியில் நடுவில் ஒரு பகுதி முழுக்க எனக்கு ஒரு சுரம்கூட இல்லை. ஹார்னை மடியில் வைத்து, அம்மாவின் மல்லிகையைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். கடைசிப் பகுதியில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஊதும் ஓர் இடம் வரும். அதற்காகத்தான் அவளை அந்தக் கச்சேரிக்குக் கூப்பிட்டதே. அந்த இடம் வந்தபோது டிரம்காரர் எழுந்து நின்று அடித்ததில் அவள் கண் முழுக்க அவர் மேல் போய்விட்டது.

ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் நோக்கிப் போகும்போது அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சுபாங் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தாள். "அவ்ளோ பேரும் வாசிச்சாங்க. நீ மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உட்கார்ந்திருந்தியே புஷ்பா. ஏன் உன்ன விடல?" அப்படியெல்லாம் இல்லைம்மா, என் பங்கு அவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் குச்சி வச்சிருந்தவர்கிட்ட நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவா?"

பக்கத்து நாற்காலி

எனக்கு வலது பக்கம், மூன்றாவது ஹார்ன், லிம் என்று ஒரு சீனர். என்னைவிட மூத்தவர். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியை அவருக்குப் பக்கத்தில்தான் கழித்தேன். ஆனால் அவர் எங்கே குடியிருக்கிறார், பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் தெரியாது. ஒத்திகையில் எங்களுக்குள் இருந்த பேச்சு "சூடா இருக்கு லா", "சாப்பாட்டுக்கு விட்டாச்சா?" அவ்வளவுதான். குழாயில் சேரும் தண்ணீரை வடிக்கும்போது என் காலில் படாமல் காலைத் தள்ளி வைத்துக்கொள்வார். நானும் அப்படியே. அதை நட்பு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை ஒத்திகைக்கு அவர் வரவில்லை. மாரடைப்பு என்று மேனேஜர் வந்து சொன்னார். அவருடைய நாற்காலியை எடுக்காமலேயே அன்று ஒத்திகை நடந்தது. அவருக்குரிய இடங்கள் வந்தபோதெல்லாம் அங்கே ஒரு ஓட்டை விழுந்தது, நான் அந்த ஓட்டையைக் கேட்டபடியே என் பங்கை வாசித்தேன்.

இறுதிச் சடங்குக்குப் போனேன். யாரையும் தெரியாது. ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனைவி வந்து, நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாலாவது ஹார்ன் என்றேன். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஊதுவதற்குச் சற்று முன்னால் மூச்சை உள்ளே இழுப்போம் அல்லவா, அதைப் பற்றித்தான் பேசினார். "நீங்கதானா அது? அவருக்கு எண்ணவே வராது, தெரியுமா? பக்கத்துல அவங்க மூச்சு இழுக்கற சத்தம் கேட்டாத்தான் நான் ஹார்னைத் தூக்குவேன்னு வீட்ல சொல்லிச் சிரிப்பார்."

ஆள் இல்லாத வகுப்பு

பல்கலைக்கழகத்தில் பியானோவுக்கு வரிசையில் நிற்பார்கள். பாட்டுக்கு நிற்பார்கள். ஹார்னுக்கு வருஷத்துக்கு ஒருவர் வந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். கடைசியாக வந்தவள் இஸாத்தி என்ற மலாய்ப் பெண். நல்ல உதடு, நல்ல காது. இரண்டாவது செமஸ்டர் முடிவில் ஹார்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நர்சிங் படிக்கப் போகிறேன் புரோஃப் என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நர்ஸ் என்றால் எங்கே போனாலும் ஆள் தேவைப்படும்.

அடுத்த செமஸ்டரில் யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் யாரோ மறந்துபோய் என் வகுப்பைக் கால அட்டவணையிலிருந்து எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை, மேல்மாடிக் கோடி அறை. நானும் மறந்த மாதிரி போய்க்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வைப்பேன். இரண்டு நாற்காலி போடுவேன். அந்த நேரம் முழுக்க வாசிப்பேன். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் கவனமாக வாசிப்பேன். காலடிகள் பியானோ அறைக்குப் போய்விடும்.

செமஸ்டர் பாதியில் ஒருநாள் ஃபேகல்டி ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியவர் ரொம்ப மரியாதையான பெண்மணி. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்தேன். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை, ஏன் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. கரண்ட் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவாம். "புரோஃப், தப்பா நினைக்காதீங்க. நீங்க மட்டும்தான்னா அந்த ரூமுக்கு ஏர்கோன் போடணுமா, இல்ல ஃபேன் போதுமா?"

பல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு விமலா முறுக்கு கொடுத்தாள். சின்ன வயசுக்காரி, கைக்குழந்தை வைத்திருப்பவள். முதல் கடியிலேயே என் முன்பல் பாதியாக உடைந்தது. மற்றவர்களுக்கு அது பல். எங்களுக்கு அது வேலை. ஊதுகிற முனை உதட்டில் அழுந்தும் இடத்துக்குப் பின்னால் தூணாக நிற்பது அந்தப் பல்தான்.

பல் டாக்டர், முன்னைவிட அழகாகக் கட்டித் தருகிறேன் என்றார். அழகு வேண்டாம் டாக்டர், பழைய கோணல் அப்படியே வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புதுப் பல் வந்தது. நேராக, அழகாக இருந்தது. ஹார்னை எடுத்து ஊதினால் காற்றுதான் வந்தது. பழகப் பழக வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சில மாதங்கள் என் வீட்டில் ஃபேன் சத்தமும் கீழே மோனோரயில் போகிற சத்தமும்தான். வகுப்பு இல்லாத நாட்களில் பேசுவதற்குக்கூட யாரும் இல்லாததால், கடைக்குப் போய் "ஒரு பால் பாக்கெட்" என்று சொல்லும்போதுதான் என் குரலே எனக்குக் கேட்கும். இனி என்னால் முடியாதோ என்ற பயத்தில், அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அப்படி ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. விமலா, இடுப்பில் குழந்தை, கையில் ஒரு தட்டு நிறைய கேசரி. சத்தம் இல்லாததைக் கவனித்து, என்ன ஆச்சோ என்று பார்க்க வந்திருக்கிறாள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தியாவது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வா என்றேன். அவள் வாசலிலேயே நின்றபடி தட்டை நீட்டினாள். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்டி. பாப்பா இப்பல்லாம் மத்தியானத்துல நல்லா தூங்குது. எப்படிச் சொல்றதுன்னு சங்கடப்பட்டுட்டே இருந்தேன், நீங்களே புரிஞ்சிகிட்டு நிறுத்திட்டீங்க."

காருக்குள் ஒத்திகை

கேசரி நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் வாசிக்க மனம் வரவில்லை. உதட்டுக்கு மறுபடி பழக்கம் கொடுத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு போர்ட் கிள்ளான் பக்கம், கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சந்துக்குப் போவேன். சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடிகளை இறக்கி விட்டு, ஒரே சுரத்தை நீளமாக ஊதிக்கொண்டிருப்பேன். முதல் சில வாரங்கள் அது உடைந்து உடைந்து வந்தது. பிறகு ஒருநாள், வெகுநாள் கழித்து, உடையாமல் மூச்சு தீரும்வரை நின்றது. முடித்துவிட்டு நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது, ஜன்னல் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கிடங்கு செக்யூரிட்டி, நம்ம ஆள். சத்தம் கேட்டுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஊதி முடித்துப் பின்சீட்டில் வைத்திருந்த பித்தளை அவர் கண்ணில் படவில்லை. ஆறுதலாகச் சொன்னார்: "அழாதீங்கக்கா, இது சின்ன விஷயம். ஹார்ன் ஸ்டக் ஆயிடிச்சு, அவ்ளோதான். ஃபியூஸைப் புடுங்கி விட்டுறவா?"

கூட வருகிற ஆள்

ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் திரும்பினேன். பல்கலைக்கழகத்தில் ஓய்வு கொடுத்தார்கள். அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் பெர்த்தில் இருக்கிறான். இந்த வருஷம் நோட்டில் இருக்கும் சுரங்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்க, கண்ணில் புரை என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் பரிசோதனைக்குப் போனபோது இருந்த நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண். யார் வந்து கூட்டிப் போவார்கள் என்று கேட்டாள். ஆப்பில் கார் கூப்பிட்டுப் போய்விடுவேன் என்றேன். "அது ஆகாது ஆன்டி. மயக்கம் வந்தா யார் பார்க்கறது? தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் வெளிய விடுவோம்."

வீட்டுக்கு வந்து போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பல் டாக்டர், கார் ரிப்பேர், ஃபேகல்டி ஆபீஸ், தண்ணீர்க் குழாய்க்காரர். நாளைக்கு என் கூட ஆஸ்பத்திரிக்கு வா என்று கேட்கக்கூடிய பெயர் ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் எங்கள் ஹார்ன் வரிசையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். கறுப்புச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்பதைத் தவிர அதில் யாரும் எதுவும் எழுதியதே இல்லை. ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டு, நாளை மத்தியானம் கண் ஆபரேஷன், யாராவது ஒருவரால் என்னைக் கூட்டிப் போக முடியுமா என்று எழுதினேன். எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது. மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்று நீல நிறம் காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை. அவர்கள் மேல் கோபமில்லை. நானும் லிம்மின் வீடு எங்கே என்று கேட்டவளில்லையே. வருகிற டாக்சிக்காரரைச் சித்தப்பா பையன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு ஆபரேஷனுக்குப் போனேன்.

முடிந்ததும் கண்ணில் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள் நர்ஸ். மிச்சமிருந்த கண்ணால் பார்த்தேன். சுவரோரம் இருந்த நாற்காலிகளில் முதல் ஹார்ன், இரண்டாவது ஹார்ன், லிம்முக்குப் பதிலாக வந்த மூன்றாவது ஹார்ன், மூன்று பேரும் மேடையில் உட்காருகிற அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது. ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாதாம். யாராவது வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தனித்தனிக் காரில் வந்திருந்தார்கள். பதில் எழுத வேண்டுமென்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடுவில் குச்சியைத் தூக்கிக் காட்ட ஆள் இல்லாவிட்டால் நாங்கள் அப்படித்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கையெழுத்துப் போட வர, நர்ஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒருத்தர் போதும்னுதானே ஆன்டி சொன்னேன்."

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததற்கும், அப்படி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடாமல் இருந்ததற்கும்தான் எனக்கு இத்தனை வருஷமாகச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.